ஏழாங்கட்டை மேடு

கூரியர் பையன் பெட்டியை
மாவு வாளிகளுக்கு நடுவில் இறக்கிவிட்டுப் போனான்.
எண்ணூற்று எண்பது வெள்ளி, பேட்டரியோடு.
என் கூட்டுப் பணம் முழுசும்.
பிரித்தால் உள்ளே ஒரு பின்சக்கரம்,
நடுவயிறு உப்பி,
ஒன்பதாம் மாதம்போல.

ஆ லெங் சைக்கிள் கடையில் கேட்டேன், மாட்டித் தருவாயா.
"கப்சாய் வாங்குக்கா, இது விளையாட்டுச் சாமான்" என்றான்.
லைசென்ஸ் தேர்வில்
ஒற்றைப் பலகைமேல் ஓட்டும் இடத்தில்
இரண்டு தடவை விழுந்தவள் நான்.
அது அவனுக்குத் தெரியாது.

பழைய சக்கரத்தைக் கழற்றப் பத்து நிமிடம்.
புதியதை ஏற்ற இரண்டு இரவு.
அச்சு அகலம், சட்டம் குறுகல்.
மரைக்கம்பியும் நாலு நட்டும் வைத்து
பின்காதுகள் இரண்டையும் விரித்தேன்:
கால் சுற்று, நிறுத்து, அளந்து பார்,
இன்னொரு கால் சுற்று,
வாயை இறுக்கிய பிள்ளைக்கு மருந்தூட்டுவதுபோல்.
அப்படியும் அச்சு காதுக்குள் இறங்கவில்லை.
அரம் எடுத்தேன்.
மாவு சிந்தி வெளுத்த தரையில்
இரும்புத்தூள் கறுப்பாய் விழுந்தது.

ஒரு சின்ன இரும்புக் கையும் கொடுத்திருந்தார்கள்.
அச்சின் தட்டைப் பக்கத்தைக் கவ்வி
சட்டத்தோடு கட்டிக்கொள்ளும்.
சக்கரம் ஓட ஓட
அச்சு மட்டும் திரும்பாமல் பிடித்திருப்பது அதன் வேலை.
விட்டுவிட்டால் வயரெல்லாம் முறுகிப் பிய்ந்துபோகும்.
எங்கள் வீட்டில் அந்த வேலை யாருடையது என்று
எனக்குத் தெரியும்.
இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன்.

வயர் உள்ளே நுழையும் முன்
கீழே ஒரு தொங்கல் விட்டேன்;
சிலிம் ரிவர் மழை அங்கேயே சொட்டிப் போகட்டும்.
பிறகு மஞ்சளுக்கு மஞ்சள், பச்சைக்குப் பச்சை,
நீலத்துக்கு நீலம்.
பத்துப் பொருத்தமும் சரி.
பிடியைத் திருகினேன்.
சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது.

சைக்கிள் தலைகீழாய் நிற்பதால்
என் கண்தான் குழம்புகிறதோ என்று
தரையில் படுத்துப் பார்த்தேன்.
இல்லை. பின்னோக்கித்தான்,
அதுவும் அவ்வளவு அழகாய், அவ்வளவு வேகமாய்.
யுவேந்திரன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து
"ரிவர்ஸ் கியராம்மா?" என்றான்.
பின்னால் போய் எடுத்துவர எனக்கு ஒன்றும் இல்லைடா.

ஒரு விதம் மாற்றினால் உறுமியது.
ஒரு விதம் மாற்றினால் விக்கியது.
தடித்த மூன்றில் இரண்டையும்
மெலிந்த மூன்றில் இரண்டையும் இடம் மாற்றியபோது
மணி ஒன்றே கால்,
சத்தமில்லாமல்
முன்னே.

விடிகாலை. இருபத்திரண்டு கிலோ தோசைமாவு.
ஏழாங்கட்டை மேட்டில்
எப்போதும் மதகோடு என் கால் தோற்கும்.
இறங்கித் தள்ளுவேன்.
செம்பனை ஆலைக் கேட்டில் ரொஃபிக்குல்
போத்தல் தண்ணீரோடு வருவான்,
களைப்பா அக்கா என்று மலாயில் கேட்பான்.
மூச்சு வாங்கும் மூன்று நிமிடம் பேசுவோம்.
அவன் மகள் நடக்கத் தொடங்கியது,
போனில் மட்டும் அவன் பார்த்தது,
இவன் கணக்கில் கோட்டை விட்டது,
எல்லாம் அந்த மூன்று மூன்று நிமிடங்களில்தான்
ஒரு வருடமாய்ச் சேர்ந்தது.

அன்று மதகு வந்தது, போனது.
பாதி தூக்கிய போத்தலோடு அவன் கை
கண்ணாடியில் சின்னதாகியது.
மேட்டின் உச்சியில்
எனக்கு மூச்சே வாங்கவில்லை.
ஐந்தரைக்கு முன்னால் மாவு தீர்ந்தது.

மறுநாள் மதகு தெரிந்ததும்
பிரேக்கை இரண்டு விரலால் தொட்டேன்.
தொட்டால் போதும், மோட்டார் நின்றுவிடும்;
கையேட்டில் ஏழாம் பக்கம்.
"ரோசாக்?" என்று ஓடி வந்தான், பழுதா என்று.
ஆமாம் என்றேன்.
போத்தலை நீட்டினான்.
நெற்றியில் வியர்வையே இல்லை.
துடைத்துக்கொண்டேன்.